எந்தக் குளத்தில் குளித்தீர்கள்?

நம் சங்க இதழில் ஊர்ப் பயணக் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. கோயில், கல்யாணம், மாம்பழம், மழை என்று படிக்கப் படிக்க இனிக்கும். இந்தக் கட்டுரையும் ஓர் ஊர்ப் பயணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி என்பதால், எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பிறந்த வீடு பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். மாநிலம் கேரளம், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். துணிமணி எடுக்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுவோம். புகுந்த வீடு இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு. மாமனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குமுளி மலையை விட்டு இறங்கினால் கம்பம், அதற்கப்புறம் தேனி. விடுமுறையில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று எங்களுக்குப் பழக்கம்.

இங்கே பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில் வருகிறது. அங்கே அது மழைக்காலம். குளங்கள் நிறைந்து கிடக்கும். அந்த வருடம் ஒன்பது வயதான என் மகன் மாமன் பிள்ளைகளோடு சேர்ந்து நாள்தோறும் குளத்தில் குதித்தான். நானும் அதே படிக்கட்டில் குதித்து வளர்ந்தவள்தான். தடுக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அவன் வலது கண் சிவந்தது. தண்ணீர் வடிந்தது. துடைத்த கைக்குட்டையில் சில நாள் லேசாக ரத்தக் கறையும் இருந்தது. ஒவ்வாமை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரம் விட்டோம். குறையவில்லை. வேறொரு மருத்துவர் கீழ் இமையை மடித்துப் பார்த்தபோது, உள்ளே சிவப்பாக ஒரு சிறு கட்டி. "எடுத்துச் சோதிக்க வேண்டும், புற்றுநோயாக இருக்கக்கூடாது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்" என்றார். அன்றிலிருந்து நானும் என் கணவரும் சரியாகத் தூங்கவில்லை.

"வெளிநாடு எங்காவது போனீர்களா?" என்று அவர் கேட்டது உண்மை. "இந்தியாவுக்கு" என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எருமை இறங்கும் குளத்தில் பிள்ளையைக் குளிக்க விட்டேன் என்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் எங்களுக்கு இன்னும் இரண்டு வாரக் கலக்கத்தைக் கொடுத்தது.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் மருத்துவர். கருவியின் முன் மகனை உட்கார வைத்து இமையை மடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை லீவுக்கு எங்க போனவர்?"

"கேரளாவுக்குங்க டாக்டர். எங்கம்மா வீட்டுக்கு."

"குளத்தில குளிச்சவரோ?"

நான் தயங்கினேன். மகன் முந்திக்கொண்டான். "தினமும் குதிச்சோம் டாக்டர். எருமையும் கூடவே குளிச்சுது!"

அவர் சிரித்துவிட்டார். "அப்ப பயப்பிடாதேங்கோ. இது எங்கட பக்கத்து வருத்தம் போலதான் கிடக்கு. எடுத்துச் சோதிச்சுப் பாப்பம்." வருத்தம் என்றால் அவர்கள் வழக்கில் நோய் என்று பொருள்.

அவர் சொன்னதே சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் கேட்டும், தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஸ்ட்ராபெரி போல ஒரு கட்டி

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடி, அப்படியே மடிந்து இமையின் உட்புறம் வரை செல்லும் ஈரமான மெல்லிய தோல் ஒன்று உண்டு. இதை இமை இணைப்படலம் என்கிறார்கள். 'மெட்ராஸ் ஐ' என்று நாம் சொல்லும் கண்வலி வருவது இதில்தான். சிவந்த கண் எல்லாம் அரிய நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது சாதாரணக் கண்வலியாகவோ ஒவ்வாமையாகவோதான் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் குறையாத சிவப்பு, இமைக்குள் கட்டி, ரத்தம் கலந்த கண்ணீர் ஆகியவை இருந்தால் மேலும் பார்க்க வேண்டும்.

என் மகனுக்கு வந்தது ரைனோஸ்போரிடியோசிஸ். கட்டி இளஞ்சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ராபெரிப் பழம் போலவே இருக்கும். பெரும்பாலும் மூக்கில் வரும், அடுத்தபடியாகக் கண்ணில். உலகின் பல இடங்களில் இது காணப்பட்டாலும், நோயாளிகளில் மிகப் பலர் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்களே. குளத்திலும் தேங்கிய நீரிலும் குளிப்பவர்களுக்கும், ஆற்றில் மணல் அள்ளுபவர்களுக்கும் அதிகம் வருகிறது. வறண்ட இடங்களில் தூசி வழியாகவும் கண்ணுக்கு வரலாம் என்று கருதுகிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை.

இதை முதலில் விவரித்தவர் கில்லெர்மோ சீபர். 1900இல், தென்னமெரிக்காவின் புவனோஸ் ஐரிஸ் நகரில். மூன்று ஆண்டு கழித்து 1903இல் கல்கத்தாவில் ஓகினீலி என்ற மருத்துவர் இதையே ஒரு நோயாளியின் மூக்கில் கண்டு எழுதினார். 1923இல் எடின்பரோவில் ஜேம்ஸ் ஆஷ்வொர்த் இந்த உயிரியின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். அவருக்குக் கிடைத்த கட்டி யாருடையது தெரியுமா? அங்கே படிக்கப் போயிருந்த ஓர் இந்திய மாணவருடையது! நம்மவர்கள் கடல் கடக்கும்போது ஊர்க் குளமும் கூடவே கடல் கடக்கிறது என்பது நூறாண்டுப் பழைய செய்தி.

நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள். 1999இல் மரபணுவைச் சோதித்தபோது, இது பூஞ்சை அல்ல, மீன்களைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தின் உறவு என்று தெரிந்தது. தண்ணீரோடு இதற்குள்ள தொடர்பை நினைத்தால் அது வியப்பில்லை.

மருத்துவம் எளிது. கட்டியை அடியோடு வெட்டி எடுத்து, அது முளைத்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். வேர் தங்கினால் மறுபடி வளரும். அதனால் தொடர்ந்து காட்டிவர வேண்டும். கண்ணீர்ப் பை வரை போய்விட்டால்தான் சிக்கல். ஆகவே காலம் கடத்தக்கூடாது.

நத்தையிலிருந்து கண்ணுக்கு

குளத்து நீரால் வரும் இன்னொரு நோய் மதுரைப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய கதை நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மருத்துவமனைக்குத் தென் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் கண்ணின் வெள்ளையில் சிறு சிறு முடிச்சுகளோடு வந்தார்கள். விசாரித்தால், ஊர்க் குளத்தில் குளித்த பிள்ளைகள். முடிச்சை எடுத்துச் சோதித்தபோது, தட்டைப்புழு இனத்தின் தடயம் இருந்தது. 2001இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

எந்தப் புழு என்று கண்டுபிடிக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2016இல் வெளியான ஆய்வில், மரபணுவைக் கொண்டு புரோசெரோவம் வேரியம் என்ற புழுவை அடையாளம் காட்டினார்கள். இதன் வாழ்க்கை நத்தையில் தொடங்கி, மீனுக்குப் போய், மீன் தின்னும் பறவையில் முடிகிறது. நத்தை தண்ணீரில் விடும் குஞ்சுப்புழுக்கள் மீனைத் தேடிப் போகும் வழியில், குளித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் தவறி நுழைந்துவிடுகின்றன.

சிறிய முடிச்சு மருந்துக்குக் கரைந்துவிடும். பெரியதை அறுவை செய்து எடுக்க வேண்டும். வெள்ளையோடு நிற்காமல் கண்ணின் உள்ளறைக்குள் போனால் பார்வையே கெடலாம். நத்தையும் கொக்கும் எல்லைக்கு அந்தப்பக்கம் மட்டும் இருப்பவை அல்ல. எங்கள் சித்தூர் தாலுகாக் குளங்களிலும் கொக்கு நிற்கிறது, கரையில் நத்தை ஊர்கிறது.

கண்ணுக்குள் ஊர்ந்த நூல்

குளம் பக்கமே போகாதவர்களுக்கும் ஒன்று உண்டு. இதை நான் இடுக்கியில் அறிந்தேன்.

என் மாமியாரின் தங்கையைச் சின்னத்தை என்போம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ஒருநாள், "கண்ணுக்குள்ள என்னமோ நெளியுது தாயி" என்றாராம். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையின் மேல் நூல் போல ஒன்று வளைந்து நகர்ந்திருக்கிறது. செய்வினை என்றார்கள் சிலர். மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். நல்லவேளை, அவர் மகன் கேட்காமல் தேனிக்குக் கூட்டிப் போனான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மேல் தோலை மட்டும் துளி கீறி, உயிருள்ள வெள்ளைப் புழு ஒன்றை மருத்துவர் இழுத்து எடுத்தார். விரல் நீளத்துக்கும் அதிகம். சின்னத்தை அன்று மாலையே வீடு திரும்பினார்.

இந்தப் புழுவின் பெயர் டைரோபைலேரியா. உண்மையில் இது நாயின் புழு. நாயின் தோலுக்கடியில் வாழ்ந்து, அதன் ரத்தத்தில் குஞ்சுகளை விடும். நாயைக் கடித்த கொசு நம்மைக் கடிக்கும்போது அவை நமக்குள் வருகின்றன. மனித உடம்பு இதற்கு முட்டுச்சந்து. பொதுவாக ஒரே ஒரு புழு வளர்ந்து தோலுக்கடியில் அலைந்து, சில வேளை கண்ணின் வெள்ளைக்கோ இமைக்கோ வந்து சேரும். 5 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கலாம். முழுதாக எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. பெரும்பாலும் வேறு மருந்துகூட வேண்டியதில்லை.

இலங்கையில் 1962 முதலே மனிதர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. அங்கே சிறு குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. கேரளத்திலிருந்து 1976இலேயே இந்தியக் கண் மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. அதன்பின் கேரளத்தின் பல பகுதிகளிலிருந்தும் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. திருச்சூரை அடுத்த மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நாய்களின் ரத்தத்தில் குஞ்சுப்புழுக்களைக் கண்டு 2005இல் எழுதினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கொசு கடித்துப் பல மாதங்கள் கழித்தே புழு கண்ணில் தென்படும். ஜூலையில் ஊரில் கடித்த கொசுவின் பலன் இங்கே பனி கொட்டும் மாதத்தில் தெரியலாம். அப்போது ஊர்ப் பயணம் யாருக்கு நினைவிருக்கும்?

ஈ, உண்ணி, பேன்

ஆடு மேய்க்கும் இடங்களில் ஒரு வகை ஈ பறந்துகொண்டே தன் குஞ்சுப்புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். அதற்கு வேண்டியது ஆட்டின் மூக்கு. மனிதர் குறுக்கே வந்தால் கண்ணில் விழுகிறது. "கண்ணில் என்னமோ அடிச்சுது" என்று சொல்லிச் சில மணி நேரத்தில் கண் சிவந்து உறுத்தும். புழு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளும். கசக்கக் கூடாது. மருத்துவர் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பார்.

காட்டோரத் தோட்டங்களில் உண்ணி இமையில் கடித்துத் தொங்குவதும் உண்டு. பார்த்தால் சிறு மரு போல இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் வாய்ப்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. எடுத்த பிறகு காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இமை முடியில் பேன் பற்றுவதும் அரிதாக உண்டு. பொதுவாக இது தலைப்பேன் அல்ல, வேறு இனம். பெரியவர்களின் உடம்பிலிருந்து வருவது. அதனால் குழந்தைக்கு இது வந்தால் இங்குள்ள மருத்துவர்கள் வீட்டு நிலவரம் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். குழந்தையின் நலனுக்காகக் கேட்கிறார்கள். தலைப்பேனுக்கான மருந்தை இமையில் தடவிவிடாதீர்கள், கண்ணைக் கெடுக்கும்.

கைவைத்தியம் வேண்டாம்

மகனுக்குக் கண் சிவந்தபோது என் அம்மா தொலைபேசியில் சொன்னது: "கண்ணு, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வெச்சுக் கட்டு. குளுந்து போயிரும்." தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது, கண்ணில் விழுந்ததை நாக்கால் துழாவி எடுப்பது எல்லாம் நாம் பார்த்து வளர்ந்தவை. அன்பினால் செய்பவைதான். ஆனால் சுத்தமில்லாத எதுவும் கண்ணுக்குள் போனால் கருவிழியில் புண் வரலாம். அது ஆறினாலும் வெள்ளைத் தழும்பாக நின்று பார்வையை மறைக்கும்.

இன்னொரு வழக்கம், ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து வாங்கிவருவது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு உடனே மறையும். உள்ளே நோய் வளரும். நாள்பட விட்டால் கண் அழுத்தமும் ஏறும்.

ஊரைக் குறை சொல்லவில்லை

நம் ஊர் நோய்க்காடு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நம் பாட்டி காலத்தில் டிரக்கோமா என்ற இமை நோய் இந்தியாவில் ஏராளமான பேரின் பார்வையைப் பறித்தது. இமையின் உட்புறம் சொரசொரப்பாகி, தழும்பாகி, இமை முடி உள்ளே திரும்பிக் கருவிழியை உராயும். சுத்தமான தண்ணீர், முகம் கழுவும் பழக்கம், கழிப்பிட வசதி, மருந்து, அறுவை மருத்துவம் எல்லாம் சேர்ந்து அதைத் துரத்தின. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்தியா அதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. இமை நோய் விதி அல்ல. முயன்றால் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நாம் குடியேறிய நாட்டு மருத்துவர்கள் திறமைசாலிகள். ஆனால் இந்த நோய்களில் ஒன்றைக்கூடத் தம் வாழ்நாளில் பார்த்திராதவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு நாம்தான் வழி காட்ட வேண்டும். "இந்தியா போனோம்" என்பது போதாது. இவற்றைச் சொல்லுங்கள்:

எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள். குளம், ஆறு, வாய்க்கால் எதில் குளித்தீர்கள். வீட்டில் நாய், மாடு, ஆடு இருந்ததா. கொசுக்கடி அதிகமா. காட்டுக்கோ தோட்டத்துக்கோ போனீர்களா. கண்ணில் எதுவும் அடித்ததா. என்ன மருந்து அல்லது கைவைத்தியம் செய்தீர்கள். போய்வந்து ஓராண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். கண்ணில் ஏதாவது நெளிந்தால், முடிந்தால் உடனே ஒரு படம் எடுத்துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது ஒளிந்திருக்கலாம்.

ஊரில் இருக்கும்போது சில எச்சரிக்கைகள். மாடு குளிப்பாட்டும் குளத்திலும் தேங்கிய நீரிலும் பிள்ளைகள் முங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீந்தியே ஆக வேண்டுமென்றால் நீச்சல் கண்ணாடி போடட்டும். வந்ததும் நல்ல தண்ணீரில் முகம் கழுவட்டும். கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் மறக்க வேண்டாம். வீட்டு நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழு மருந்து கொடுக்கச் சொல்லுங்கள். இவற்றால் ஆபத்து முழுதும் நீங்கிவிடாது, குறையும்.

என் மகன் இப்போது நலம். அறுவைக்குப் பிறகு கட்டி திரும்ப வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவருகிறோம். அடுத்த விடுமுறைக்கும் ஊருக்குப் போனோம். என் அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் விட்டார். பிள்ளைகள் அதில் குதித்தார்கள். குளக்கரைக்கும் போனோம், படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தோம். "எருமைக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா அம்மா?" என்று கேட்டான். "அதுக்கும் இந்த நோய் வருமாம்டா. யாரிடம் போய்ச் சொல்லும்?" என்றேன்.

கண்ணை இமை காப்பது போல என்பது நம் வழக்கு. அந்த இமைக்கே நோய் வரும்போது அதைக் காப்பது, கூச்சமில்லாமல் நாம் சொல்லும் ஒரு வார்த்தைதான். அடுத்த முறை மருத்துவர் கேட்டால், கேட்காவிட்டாலும், ஊர்ப் பெயரோடு குளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.